வாய் நாற்றத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

தஞ்சைக் கீழவாசல் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் சங்க அன்பர் ஒருவருக்கு நேர்ந்தது இது. பெரிய கோயில் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கடைக்கு வந்து, "டூ யூ ஹேவ் எனிதிங் ஃபார் பேட் பிரெத்?" என்று கேட்டிருக்கிறார். அன்பர் காதில் விழுந்தது 'பிரெட்' மட்டும். உடனே ஒரு பிரெட் பாக்கெட்டை எடுத்து வைத்தார். அம்மையார் தலையை ஆட்டிவிட்டுத் தம் வாயைத் தொட்டுக் காட்டினார். அன்பர் யோசித்தார். பிரெட்டும் வாயும் என்றால் ஜாம்தானே? ஜாம் பாட்டிலும் வந்தது. அம்மையார் சிரித்துக்கொண்டே எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போய், மவுத்வாஷ் ஒன்றும் மிட்டாய் டப்பா ஒன்றும் வாங்கிக்கொண்டு போனார். அந்த இரண்டும் நம் அன்பர் கடை அலமாரியிலேயே இருந்தன.

மாதக் கூட்டத்தில் இதை அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, "சரி, வாய் நாற்றத்துக்கு ஆங்கிலத்தில் என்னதான் சொல்வது?" என்று ஒருவர் கேட்டார். 'மவுத் ஸ்மெல்' என்றார் ஒருவர். 'ஸ்மெல்லிங் மவுத்' என்றார் இன்னொருவர். நம் பிள்ளைகளைக் கேட்டாலும் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். அன்றே இந்தக் கட்டுரையை எழுதுவதாக ஒப்புக்கொண்டோம்.

நமக்கு எதற்கு இந்த ஆங்கிலம் என்று கேட்கலாம். பல் வலியோ வாய் நாற்றமோ வந்தவர் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, மளிகைக்கடைக்குத்தான். கிராம்பு கேட்பார், உப்பு கேட்பார், "பல்லு கூசுது, நல்ல பேஸ்டா குடுங்க அண்ணே" என்பார். அவர் சொல்வது தமிழ். நாம் எடுத்துக் கொடுக்கும் டியூபில் அச்சடித்திருப்பது முக்கால்வாசி ஆங்கிலம். நடுவில் நிற்பவர்கள் நாம். ஆலங்குச்சி, வேலங்குச்சியைப் பல்லுக்கும், நாலடியாரையும் குறளையும் சொல்லுக்கும் சேர்த்துச் சொன்ன பழமொழி நம்முடையது. பல்லையும் சொல்லையும் பிரிக்கக்கூடாது என்று முன்னோர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பிரெத், பிரெட், பிரீத்

வாய் நாற்றத்துக்கு ஆங்கிலேயர் அன்றாடம் சொல்வது 'பேட் பிரெத்'. 'பிரெத்' என்றால் மூச்சு. நாம் வாயைக் குறை சொல்கிறோம், அவர்கள் மூச்சைக் குறை சொல்கிறார்கள். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மீதி தானாக வரும். "மவுத் ஸ்மெல் இஸ் கமிங்" என்பது 'வாய் நாற்றம் வருகிறது' என்பதன் நேர் பெயர்ப்பு. கேட்பவர் ஊகித்துப் புரிந்துகொள்வார், ஆனால் அது ஆங்கிலமாகாது. "ஐ ஹேவ் பேட் பிரெத்" என்றால் போதும். நடுவில் 'எ' போடக்கூடாது. 'எ பேட் பிரெத்' என்று நம்மில் பலர் சொல்வது தவறு. பல்வலிக்கு மட்டும் 'எ' உண்டு: "ஐ ஹேவ் எ டூத்ஏக்".

உச்சரிப்பில்தான் நம் அன்பர் இடறினார். 'பிரெட்' என்பது 'ட்' என்று முடியும். 'பிரெத்' முடியும்போது நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டு, காற்று மெல்ல வெளியே வரவேண்டும். நம் 'த்' கிட்டத்தட்ட அதுதான், இதில் நமக்குச் சிரமமில்லை. 'பிரீத்' என்று நீட்டினால் அது மூச்சு விடுவது என்ற வினைச்சொல் ஆகிவிடும். டாக்டர் மார்பில் குழாயை வைத்து "பிரீத்" என்பது இதுதான்.

பூண்டு தின்ற வாய்க்கு "மை பிரெத் ஸ்மெல்ஸ் ஆஃப் கார்லிக்". வெங்காயத்துக்கும் சுருட்டுக்கும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் பல் விளக்காத வாயை நாம் 'ஊத்தை வாய்' என்கிறோமே, அதற்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது: 'மார்னிங் பிரெத்'. ஊத்தை வாயோடு காபி குடிக்கிறான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டும் வேகம் அந்தச் சொல்லில் இல்லை, அது வேறு விஷயம்.

'ஸ்மெல்' என்ற சொல்லிலும் சற்று எச்சரிக்கை வேண்டும். பூவைப் பற்றிப் பேசும்போது 'ஸ்மெல்ஸ் நைஸ்' என்று கூடவே நல்ல சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். ஒருவரைப் பார்த்து வெறுமனே "யூ ஸ்மெல்" என்றால் அது வசவு. இந்த வகையில் நம் 'நாற்றம்' பட்ட பாட்டையே ஆங்கிலமும் பட்டிருக்கிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் வெறும் வாசனைதான், பூவுக்கும் அதே சொல். நாச்சியார் திருமொழியில் கண்ணன் வாய்க்கு என்ன மணம் என்று சங்கைப் பார்த்துக் கேட்கும் இடத்தில் ஆண்டாள் கையாண்டதும் இந்தச் சொல்லைத்தான். பிற்காலத்தில் அது கெட்ட வாடைக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவாக இருந்து, பிறகு துர்நாற்றம் ஆனது.

இன்னொரு சொல் உண்டு: 'ஹாலிடோசிஸ்'. மவுத்வாஷ் பாட்டில்களில் பார்க்கலாம். யாரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை, இது டாக்டர் பாஷை. ஆனால் வியாபாரிகளான நாம் இந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1879ல் அமெரிக்காவில் லிஸ்டரின் என்ற திரவத்தைத் தயாரித்தார்கள். காயங்களைக் கிருமி அண்டாமல் கழுவி அறுவை செய்யும் முறைக்கு வழிகாட்டிய ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெயரைச் சரக்குக்கு வைத்தார்கள். முதலில் அது காயம் கழுவும் மருந்தாகத்தான் விற்றது. 1920களில் அதே சரக்கை எடுத்து, மருத்துவப் புத்தகத்தின் மூலையில் கிடந்த 'ஹாலிடோசிஸ்' என்ற சொல்லைத் தூசி தட்டி, அது ஒரு பயங்கர வியாதி என்பதுபோல் விளம்பரம் செய்தார்கள். அழகான பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, காரணம் அவள் மூச்சு, அதை அவளிடம் சொல்லத் தோழிகளுக்கும் மனம் வரவில்லை என்று படம் போட்டுக் கதை சொன்னார்கள். விற்பனை பல மடங்கு பெருகிற்று. திரவம் அதே திரவம். புதிதாகக் கொள்முதல் செய்தது ஒரு சொல்லை மட்டுமே.

நம் பக்கத்திலும் இது நடக்காமல் இல்லை. பயோரியா பல்பொடி என்று எத்தனை வருஷம் பாக்கெட் பாக்கெட்டாக விற்றோம்! பயோரியா என்றால் என்ன என்று நம்மில் யாராவது கேட்டோமா? கிரேக்க மொழியில் சீழ் ஒழுகுதல் என்று பொருள். ஈற்றில் சீழ் பிடிப்பதைத்தான் அந்தக் கால டாக்டர்கள் அப்படிச் சொன்னார்கள். நெல் குத்தி எடுத்த உமியைக் கரியாக்கி, உப்புச் சேர்த்துப் பல் விளக்கியவர்கள் நம் டெல்டாக்காரர்கள். உமிக்கு விலை கிடையாது, ரைஸ்மில் வாசலில் கொட்டிக் கிடக்கும். இன்று டியூபில் 'சார்க்கோல்' என்று போட்டு வருகிறது, விலையும் சாதாரணப் பேஸ்டைவிடக் கூடுதல். சார்க்கோல் என்றால் கரிதான். கரி கரகரப்பாக இருந்தால் பல்லின் மேல்பூச்சு தேயும் என்று பல் டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உமிக்கரிக்கும் பொருந்தும் என்பதைப் பழமை பேசும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

ஒருவருக்கு வாய் நாறுகிறது என்பதை அவரிடமே சொல்வது எந்த மொழியிலும் கஷ்டம். தன் மூச்சின் வாடை தனக்குத் தெரிவதில்லை. 2020ல் எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டபோதுதான் நம்மில் பல பேருக்கு அந்த ஞானம் வந்தது. ஆங்கிலத்தில் "யூ ஹேவ் பேட் பிரெத்" என்பது இலக்கணப்படி சரி, ஆனால் பழக்கமில்லாதவரிடம் சொன்னால் சண்டை வரும். அவர்கள் வழி என்னவென்றால், பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துத் தாம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "வுட் யூ லைக் எ மின்ட்?" என்று நீட்டுவது. புரிந்துகொள்ள வேண்டியவர் புரிந்துகொள்வார். ஓட்டல் கல்லாவில் நாம் சோம்புத் தட்டு வைப்பதும், விருந்தாளிக்கு ஏலக்காய் நீட்டுவதும் இந்த வழிதான்.

சொந்தக்காரர், நெருங்கிய நண்பர் என்றால் மட்டும், "டோண்ட் மைண்ட் மை சேயிங் திஸ்" என்று ஆரம்பித்துச் சொல்லலாம். நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று நாம் ஆரம்பிப்பதற்கு இது சமம். வாங்க வருபவரும் நேராகக் கேட்கமாட்டார். "சம்திங் டு ஃபிரெஷன் மை பிரெத்" என்பார். 'ஃபிரெஷ்', 'மின்ட்', 'பிரெத்' இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலே எந்த அலமாரிக்குப் போவது என்று கடைப்பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, டீயும் வெற்றிலையுமாகப் பத்து மணி வரை ஓட்டுகிறோம். தண்ணீர் குடிப்பதில்லை. வாய் வறண்டால் நாற்றம் கூடும், காரணம் உமிழ்நீர்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் குனிந்து கணக்குச் சொல்லும்போது அந்தப் பக்கம் நிற்பவர் ஒரு அடி பின்னால் போனால், அவர் விலையைக் கேட்டுத்தான் பின்வாங்கினார் என்று நினைக்கவேண்டாம்.

நாற்றம் வயிற்றிலிருந்து வருகிறது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பெரும்பாலும் அப்படியில்லை. நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்கிலும் தங்கும் உணவுத் துணுக்குகளைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான வாயுவும் அவற்றில் ஒன்று. அதனால் பல்லை மட்டும் தேய்த்துவிட்டு நாக்கை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மவுத்வாஷ் மட்டும் ஊற்றிக்கொள்வது நாற்றத்தைச் சற்று நேரம் மூடிவைக்கும். இதற்கு ஆங்கிலத்தில் "இட் ஒன்லி மாஸ்க்ஸ் தி ஸ்மெல்" என்பார்கள். முகமூடி போடுகிறது என்று பொருள்.

கூச்சப்படும் பற்கள்

பல் சம்பந்தமான நம் சொற்களை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் வேடிக்கையாகிவிடும். பல் கூச்சம் என்பதைப் பள்ளிப் பையன் ஒருவன் "மை டீத் ஆர் ஷை" என்று எழுதினானாம். பெண் பார்க்க வந்தபோது வரும் கூச்சமா அது? சரியான சொல் 'சென்சிடிவ்'. "மை டீத் ஆர் சென்சிடிவ் டு கோல்டு" என்றால் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று பொருள். சொத்தைப் பல்லுக்கு 'கேவிட்டி'. சொத்தைக் கடலை, சொத்தைக் கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு அப்படியில்லை. "ஐ ஹேவ் எ கேவிட்டி" என்றால் பல்லில் குழி விழுந்திருக்கிறது. பல் செட்டுக்கு 'டூத் செட்' என்று சொல்லக்கூடாது. 'டென்ச்சர்ஸ்' என்றோ 'ஃபால்ஸ் டீத்' என்றோ சொல்லவேண்டும். ஒரு பல் என்றால் 'டூத்', ஒன்றுக்கு மேல் 'டீத்'. "ஒன் டீத் இஸ் பெயினிங்" என்பது நம் பக்கத்து ஆங்கிலம். "மை டூத் ஹர்ட்ஸ்" என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

பல் விளக்குவது 'பிரஷ்', வாய் கொப்பளிப்பது 'ரின்ஸ்', தொண்டைவரை விட்டுக் களகளவென்று ஒலியெழுப்புவது 'கார்கிள்', துப்புவது 'ஸ்பிட்'. மவுத்வாஷ் பாட்டிலில் 'ரின்ஸ் ஃபார் 30 செகண்ட்ஸ், டு நாட் ஸ்வாலோ' என்று இருந்தால் அரை நிமிஷம் கொப்பளித்துத் துப்பு, விழுங்காதே என்று அர்த்தம். இருமல் மருந்துபோல் மூடியில் ஊற்றிக் குடித்த பெரியவர்களும் உண்டு. தவறு அவர்களுடையதல்ல. அந்த வரியைப் படித்துச் சொல்லாமல் விற்றவருடையது.

டியூபில் இன்னொன்று 'பீ சைஸ்டு அமௌண்ட்'. பட்டாணி அளவு. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் வைக்கவேண்டாம், விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள் என்பது அந்த வரியின் பொருள். விளம்பரப் படத்தில் பிரஷ் முழுக்கப் பாம்புபோல் பேஸ்ட் நெளிந்து கிடக்கும். அது விற்பனைக்கு, பட்டாணி உபயோகத்துக்கு. பட்டாணியைத் தினம் அளந்து விற்கும் நமக்கு இதைச் சொல்ல என்ன கஷ்டம்? பக்கத்திலேயே 'ஃபுளோரைடு' என்று போட்டு ஓர் எண்ணும் 'பி.பி.எம்.' என்ற எழுத்துகளும் இருக்கும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. நம் நாட்டுச் சட்டப்படி அது 1000க்கு மேல் போகக்கூடாது, அளவை டியூபிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சிடவும் வேண்டும். அச்சில்லாத ஃபுளோரைடு பேஸ்டை எவ்வளவு மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் இறக்கவேண்டாம்.

அடுத்தது 'கம்'. இந்தச் சொல்தான் நமக்கு அதிகத் தொல்லை. ஒட்டும் பசைக்கும் கம், மெல்லும் மிட்டாய்க்கும் கம், பல் ஈறுக்கும் கம். கல்லூரி மாணவி ஒருவர் "கம் பிளீடிங், என்ன இருக்கு?" என்று கேட்க, கடைப்பையன் பசை பாட்டில் ஒழுகுகிறது என்று எண்ணிப் புதுப் பாட்டில் எடுத்துக் கொடுத்த கதை நம் சங்கத்தில் பிரசித்தம். ஈறு என்றால் எப்போதும் பன்மையில் 'கம்ஸ்' என்பார்கள். "மை கம்ஸ் பிளீட் வென் ஐ பிரஷ்" என்றால் பல் விளக்கும்போது ஈற்றில் ரத்தம் வருகிறது. இப்படிச் சொல்லி வருபவருக்கு வெறும் வாசனைப் பேஸ்ட் கொடுத்து அனுப்பக்கூடாது. ரத்தம் கசியும் ஈறும் நீங்காத நாற்றமும் சேர்ந்திருந்தால் அது ஈறு நோயாக இருக்கலாம். பல்லில் மெத்தென்று படியும் அழுக்குக்கு 'பிளாக்' என்று பெயர், கறுப்பு நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் 'டார்டர்'. காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. டாக்டர்தான் சுரண்டி எடுக்கவேண்டும்.

நம் கடையில் நடந்தது

இனிச் சொல்லப்போவது சிரிக்கும் கதையல்ல. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து நம்மவர் ஒருவர் கடைக்கு இருபது வருஷ வாடிக்கையாக ஒரு விவசாயி வந்துகொண்டிருந்தார். நாள் தவறாமல் வெற்றிலை, சீவல். புகையிலை கிடையாது, அதனால் தமக்கு ஒன்றும் வராது என்பார். ஒரு சமயம் காரம் பட்டால் வாய் எரிகிறது என்றார், நாற்றமும் இருக்கிறது என்றார். கூட வந்த பேரன் "சென்சிடிவிட்டியா இருக்கும் தாத்தா" என்றான். நாமும் ஆமென்று தலையாட்டி, சென்சிடிவ் என்று போட்ட பேஸ்டை எடுத்துக் கொடுத்தோம். மாதம் ஒன்றாக எட்டு மாதம் வாங்கினார். சீவலையும் நிறுத்தவில்லை, நாமும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் சாப்பாட்டு உருண்டை வாய்க்குள் போகாத அளவுக்கு வாய் திறப்பது குறைந்துபோய், டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பாக்கு மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை தழும்புபோல் இறுகும் வியாதி அது. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே போதும் அதை உண்டாக்க. இறுகியது பழையபடி இளகுவது அபூர்வம், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும் என்று டாக்டர் சொன்னாராம்.

சீவல் நாம் விற்றது. பேஸ்டும் நாம் விற்றது. அந்தப் பேஸ்ட் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் 'இஃப் சிம்ப்டம்ஸ் பெர்சிஸ்ட், கன்சல்ட் யுவர் டென்டிஸ்ட்' என்று எட்டு மாதமும் இருந்தது. 'பெர்சிஸ்ட்' என்றால் விடாமல் நீடித்தல். தொந்தரவு நீடித்தால் பல் டாக்டரிடம் போ என்று பெட்டியே சொல்லியிருக்கிறது. பேரன் படிக்கவில்லை, நாம் படிக்கவில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது.

கூச்சம் வேறு, எரிச்சல் வேறு. எரிச்சலுக்கு ஆங்கிலத்தில் 'பர்னிங்'. வாய்ப்புண்ணுக்கு 'மவுத் அல்சர்'. புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமலிருந்தாலும், வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டுத் தெரிந்தாலும், மூன்று விரலை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விட முடியாமல் போனாலும் கடைச் சரக்கு எதுவும் அதற்கு மருந்தல்ல. "ஐ காண்ட் ஓபன் மை மவுத் வைட்" என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால், அவரையும் டாக்டரிடம்தான் அனுப்பவேண்டும். நம் பக்கத்தவர்க்கு எட்டும் தூரத்தில் சிதம்பரம் அண்ணாமலைநகரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

வெற்றிலை வியாபாரம் நம் மண்ணின் வியாபாரம், அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. காவிரிக் கரைக் கொடிக்கால்களில் விளையும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'பீட்டல்' என்று சொல்வதே நம் தெற்கத்திச் சொல்தான். வெற்றிலை, வெற்றில என்று கேட்ட போர்த்துக்கீசியர் வாயில் மாறி ஆங்கிலத்துக்குப் போனது. வாய்க்கு மணம் தருவதும் இலைதான். குற்றவாளி பாக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004ல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சேர்த்துவிட்டது. ஆங்கிலத்தில் பாக்குக்கு 'பீட்டல் நட்' என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டதால், இலையும் கொட்டையும் ஒரே மரத்தில் காய்ப்பதாக வெளிநாட்டார் பலர் நினைக்கிறார்கள். சரியான பெயர் 'அரிக்கா நட்'. சுற்றுலா வந்தவர் பீடா கேட்டால், "திஸ் ஒன் ஹேஸ் நோ அரிக்கா நட்" என்று சொல்லி, பாக்கு இல்லாமல் சோம்பு, ஏலக்காய், குல்கந்து வைத்து மடித்துக் கொடுக்கலாம். வியாபாரமும் ஆகும்.

குட்கா, பான்மசாலா பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2013 முதல் தமிழ்நாட்டில் தடை அறிவிப்பு வந்திருப்பதும், ஒளித்து விற்ற கடைகளுக்குச் சீல் வைத்ததும் அன்பர்களுக்குத் தெரியும். அதற்கும் முன்னாலேயே, 1992ல், பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்க்கக்கூடாது என்று மத்திய அரசு தடை செய்துவிட்டது. வடக்கேயிருந்து வரும் பெயர் தெரியாத பல்பொடிப் பாக்கெட்டுகளில் 'டுபாக்கோ' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று சரக்கை இறக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக நாக்கு வழிப்பான். இதற்கு 'டங் கிளீனர்' என்று நம் நாட்டில் சொல்வார்கள், வெளிநாட்டவர் 'டங் ஸ்கிரேப்பர்' என்பார்கள். இரண்டும் சரி. நாம் ஆணியில் மாட்டித் தூசி படிய விட்டிருக்கும் சரக்கு இது. வாய் நாற்றத்துக்கு நேராகப் பலன் தருவதும் இதுவே. செம்பில் செய்ததை 'காப்பர் டங் ஸ்கிரேப்பர்' என்று அழகான அட்டையில் வைத்து வெளிநாடுகளில் விற்கிறார்கள். கீழவாசல் அன்பர் இப்போது அவற்றைத் துடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் புதினா மிட்டாய் பாட்டிலோடு சேர்த்து வைத்திருக்கிறார். மேலே ஒரு சிறு அட்டையில் தமிழில் 'வாய் நாற்றத்துக்கு' என்றும், ஆங்கிலத்தில் 'ஃபார் ஃபிரெஷ் பிரெத்' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். முதலில் 'பேட் பிரெத்' என்றுதான் எழுதினாராம். அந்த அட்டைக்கு முன்னால் நின்று வாங்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை என்று ஒரு வாரத்தில் மாற்றிவிட்டார்.